வியா பரோட்டா

என் மகன் வீட்டில் பேசுவதில் பாதிதான் எனக்குப் புரியும். மீதியை நானாக நிரப்பிக்கொள்வேன். முக்கால்வாசி நேரம் அது சரியாகத்தான் இருக்கும். ஒரு தடவை ரொம்பத் தப்பாகப் போனது. அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரை, விருதுநகர்ப் பக்கத்தில். நாலு பேர் இருக்கிற இடத்தில் வாய் திறக்க மாட்டேன். யாராவது ஏதாவது கேட்டால் "சரி" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவேன். அமெரிக்காவில் சன்னிவேலில் இருக்கும் மகன் வீட்டுக்கு ஆறு மாதம் இருக்க வந்தபோது, மருமகளின் அம்மாவும் சென்னையிலிருந்து வந்திருந்தார். சம்மந்தியம்மா பெரிய பள்ளிக்கூடத்தில் ஹெட்மிஸ்ட்ரஸாக இருந்து ஓய்வு பெற்றவர். வாசலில் வந்து விழும் இலவச இங்கிலீஷ் பேப்பரைக் காபியோடு படித்து, அதில் இருக்கும் பிழைகளைச் சிவப்புப் பேனாவால் சுழித்து வைப்பார். நல்ல மனுஷி. என்மேல் பிரியமும் உண்டு. ஆனால் சிரித்துவிடுவார்.

வந்த முதல் மாதம் எல்லோரும் காரில் போய்க்கொண்டிருந்தோம். ஃப்ரீவேயில் பச்சை போர்டுகளில் ஒரே பெயர் திரும்பத் திரும்ப வந்தது. இங்கிலீஷில் எனக்கு எழுத்துக் கூட்டத் தெரியும். இ, எக்ஸ், ஐ, டி. ஒரு மணி நேரம் போன பிறகும் அந்த ஊர் முடியவில்லை. "எக்ஸிட்டுங்கிறது ரொம்பப் பெரிய ஊரா இருக்கும் போலயே" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். மகன் சிரித்தான், மருமகள் சிரித்தாள், பேத்தியும் சிரித்தாள். அதெல்லாம் பரவாயில்லை. சம்மந்தியம்மா கண்ணாடியைக் கழற்றி, கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். வீட்டுக்கு வந்ததும் சென்னையில் இருக்கும் தங்கைக்கு ஃபோன் போட்டுச் சொன்னார். அடுத்த வாரம் அந்தத் தங்கை வீடியோவில் வந்தபோது, என்னைப் பார்த்து எக்ஸிட்டிலிருந்து எப்போது வந்தீர்கள் என்று விசாரித்தார்.

அன்றைக்கே முடிவு செய்தேன். சம்மந்தியம்மா முன்னால் இனி எந்த வார்த்தைக்கும் அர்த்தம் கேட்பதில்லை. புரியாவிட்டால் புரியாமலே இருந்துகொள்வது. இன்னும் ஐந்து மாதம் ஒரே வீட்டில் இருக்க வேண்டும். இன்னொரு எக்ஸிட்டை என்னால் தாங்க முடியாது.

இந்த நிலைமையில்தான் ஒரு நாள் என் பேத்தி பள்ளிக்கூடம் விட்டு வந்து, சனிக்கிழமை நாம் எல்லோரும் போகிறோம், நீயும் வர வேண்டும் என்றாள். அவளுக்குப் பதினொரு வயது. தமிழ் புரியும், பதில் இங்கிலீஷில்தான் வரும். என்னை அப்பத்தா என்று கூப்பிட வேண்டும். அவள் வாயில் அது "அப்பட்டா" என்று விழும். அந்த அப்பட்டா வாய்தான் "வியா பெராட்டா" என்று சொன்னது.

நான் என்ன நினைப்பேன்? அப்பத்தாவை அப்பட்டா என்கிற பிள்ளை, பரோட்டாவைப் பெராட்டா என்றுதானே சொல்லும். எல் கமினோ ரோட்டில் நம் ஆட்களின் கடைகள் வரிசையாக இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு வாயில் நுழையாத பேர். வியா என்று ஒரு பரோட்டாக் கடை புதிதாகத் திறந்திருக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டேன். எனக்குப் பரோட்டா என்றால் உயிர். சரி என்றேன்.

அதற்குப் பிறகு வீட்டில் அதைப் பற்றி என்ன பேசினாலும் கச்சிதமாகப் பொருந்திக்கொண்டே வந்தது. அதுதான் வினை.

மகன் என்னிடம், பயமில்லையே, உன்னால் முடியுமா, ஆரம்பத்துக்காரர்களுக்கு இருப்பதைத்தான் எடுத்திருக்கிறேன், ஈசியாக இருக்கும் என்றான். என் பல்செட்டை நினைத்துச் சொல்கிறான், மெத்தென்று போடுகிற பரோட்டா போல என்று நினைத்தேன். பிறகு என் எடை எவ்வளவு என்று கேட்டான். அது கொஞ்சம் உறுத்தியது. ஆனால் இந்த ஊரில் எதைத்தான் கேட்கவில்லை? ஆள் எடைக்குத் தகுந்த மாதிரி மாவு பிசைவார்களோ என்னவோ. வெறும் காலோடு வரக்கூடாது, ஷூ போட வேண்டும் என்றான். சில கடை வாசலில் அப்படி எழுதிப் போட்டிருப்பதை முன்னமே பார்த்திருக்கிறேன். புதன்கிழமை அவனுடைய ஃபோனை நீட்டி, ஏதாவது ஆகிவிட்டால் அவர்கள் பொறுப்பில்லை என்று கையெழுத்துப் போடச் சொன்னான். காரம் அதிகமாக இருக்கும்போல என்று விரலாலேயே தமிழில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

புடவை வேண்டாம், பேண்ட் போட வேண்டும் என்று மருமகள் சொன்னபோதுதான் ரொம்பக் கூச்சமாகப் போனது. சம்மந்தியம்மா முந்திக்கொண்டு அதற்கென்ன என்று சொல்லிவிட்டார். அவர் பேண்ட் போட்டு, நான் புடவையோடு போய் நின்றால் நன்றாகவா இருக்கும். சரி என்றேன்.

இதில் என் பங்குக்கு ஒன்று செய்ய ஆசைப்பட்டேன். இங்கே பரோட்டாவுக்குக் கொடுக்கிற குருமா வெந்நீர் மாதிரி இருக்கிறது என்று மகன் பல தடவை குறைப்பட்டிருக்கிறான். வெள்ளிக்கிழமை மத்தியானம், வீட்டில் யாரும் இல்லாதபோது, சம்மந்தியம்மா மாடியில் படுத்திருந்த நேரமாகப் பார்த்து, தேங்காயும் சோம்பும் கசகசாவும் அரைத்துவிட்டு ஒரு சால்னா வைத்தேன். சம்மந்தியம்மா சைவம் என்பதால் கறி போடவில்லை. மேலே செக்கச்செவேலென்று எண்ணெய் மிதந்தது. மருமகள் வந்து என்ன வாசனை என்று கேட்டாள். தோசைக்கு என்று சொல்லிக் கொஞ்சம் ஊற்றிவிட்டு, மீதியை எவர்சில்வர் டப்பாவில் அடைத்து, பிளாஸ்டிக் பையில் சுற்றி, பேத்தியின் பழைய பள்ளிக்கூடப் பைக்குள் வைத்துக்கொண்டேன். கடையில் எல்லோர் இலையிலும் அவர்கள் வெந்நீரை ஊற்றும்போது, நான் ஒன்றும் பேசாமல் டப்பாவைத் திறந்து வைக்க வேண்டும். ஒன்றும் பேசாமல். அதுதான் திட்டம். படிக்காதவளுக்கும் ஒரு இடம் வேண்டாமா?

சனிக்கிழமை காலை ஐந்து மணிக்கே கிளம்பினோம். பரோட்டாவுக்கு வயிறு காலியாக இருக்கட்டும் என்று நான் காபியோடு நிறுத்திக்கொண்டேன். சம்மந்தியம்மா ஒரு பெட்டியோடு இறங்கி வந்தார். ஒரு நாளைக்கு எதற்கு அம்மா பெட்டி என்று மருமகள் கேட்டாள். மலைப் பிரதேசம், இருக்கட்டும் என்றார். கார் கிளம்பிக் கொஞ்ச நேரத்தில், "பெராட்டா வழியாப் போய்ட்டு, அப்புறம் எங்க?" என்று என் மகனிடம் கேட்டார். அவன் ஸ்டியரிங்கைத் தட்டிச் சிரித்து, "செம ஜோக் அத்தை" என்றான். சம்மந்தியம்மாவும் சிரித்தார். அப்புறம் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார். எனக்கு அந்த ஜோக் புரியவில்லை. கேட்கவும் இல்லை.

நாலு மணி நேரம் ஆகும் என்றான். பரோட்டாவுக்கு நாலு மணி நேரமா என்று எனக்கே ஒரு மாதிரி இருந்தது. மலையும் பைன் மரங்களும் வர ஆரம்பித்ததும் தெளிந்துவிட்டது. குற்றாலத்துக்குப் போனால் குளித்துவிட்டுப் பரோட்டா சாப்பிடாமல் யார் திரும்புகிறார்கள்? இது இவர்களுடைய குற்றாலம். மாற்றுத்துணி எடுத்து வரவில்லையே என்பதுதான் அப்போது என் கவலை.

இறங்கிய இடத்தில் அருவியும் இல்லை, கடையும் இல்லை. ஒரு மரக் கொட்டகை. அதிலிருந்து சிவத்த முகமுள்ள ஒரு வெள்ளைக்காரப் பெண் வந்து, என் தலையில் தொப்பியை மாட்டித் தாடைக்குக் கீழே இழுத்துக் கட்டினாள். பிறகு இடுப்பைச் சுற்றியும் இரண்டு தொடைகளைச் சுற்றியும் வார்ப்பட்டை. அதிலிருந்து இரண்டு கயிறுகள், ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு பெரிய கொக்கி. கை கழுவும் இடம் எங்கே என்று பார்த்துக்கொண்டிருந்த என்னை, பேத்தி தோளைப் பிடித்துத் திருப்பி மேலே காட்டினாள். நேர்செங்குத்தான பாறை. அதில் இரும்புப் படிகள் அடித்து, பக்கத்திலேயே இரும்பு வடம் ஒன்றை நெடுக ஓட்டியிருந்தார்கள். ரொம்ப உயரத்தில் இரண்டு மூன்று மனிதர்கள் பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தார்கள். "தட்ஸ் த வியா பெராட்டா, அப்பட்டா" என்றாள். பாறையில் அடித்த அந்த இரும்புப் பாதைக்குத்தான் அந்தப் பேராம்.

வயிறு கீழே இறங்கிப் போனது. காலியாக வேறு இருந்ததா, தடுக்க ஒன்றும் இல்லை.

அப்போதே சொல்லியிருக்கலாம். எனக்கு முட்டி வலி, நான் காரில் இருக்கிறேன் என்றால் யார் கட்டாயப்படுத்தப் போகிறார்கள். ஆனால் ஏன் அம்மா, முன்னமே சொன்னோமே, சரி என்றாயே என்று மகன் கேட்பான். நான் திணறுவேன். என் முகத்தைப் பார்த்து யாராவது கண்டுபிடிப்பார்கள். தோளில் பை இருக்கிறது, அதற்குள் டப்பா இருக்கிறது. எக்ஸிட்டுக்கே ஒரு வாரம் சிரித்தவர்கள். சம்மந்தியம்மா பக்கத்தில் நின்று தொப்பியின் வாரைச் சரிசெய்துகொண்டிருந்தார். அவர் முகமும் வெளுத்துத்தான் இருந்தது. இப்போது நினைத்துப் பார்த்தால் தெரிகிறது. அன்றைக்கு அது எனக்குப் படிப்பாளிகளின் நிதானம் மாதிரித் தெரிந்தது. அவர் ஏறுகிறார் என்றால் நானும் ஏறுகிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வெள்ளைக்காரப் பெண்தான் எங்களுக்கு வழிகாட்டி; தரையில் வைத்தே சொல்லிக் கொடுத்தாள். மகன் தமிழில் சொன்னான். இரண்டு கொக்கிகளும் வடத்தில் மாட்டியிருக்க வேண்டும். பாறையில் வடத்தை அடித்திருக்கிற இடம் வந்தால், ஒன்றைக் கழற்றி அந்தப் பக்கம் மாட்டிவிட்டுத்தான் மற்றதைக் கழற்ற வேண்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் கழற்றவே கூடாது. இது எனக்குச் சட்டென்று பிடிபட்டது. ஐம்பது வருஷமாகப் புடவைக்கு ஊக்குக் குத்துகிறேன். நாலு பேர் நடுவில் முந்தானையைச் சரிசெய்யும்போது தோள் ஊக்கையும் இடுப்பு ஊக்கையும் சேர்த்துக் கழற்றுகிற பெண் உலகத்தில் உண்டா? அந்தப் பெண் என் கையைப் பார்த்துவிட்டு குட் என்றாள். சம்மந்தியம்மாவுக்கு இரண்டு தடவை திருப்பிச் சொல்ல வேண்டியிருந்தது. சின்ன சந்தோஷம்தான், இருந்தாலும் சந்தோஷம்.

வழிகாட்டிப் பெண் முன்னால், அவளுக்குப் பின்னால் பேத்தி, மருமகள், சம்மந்தியம்மா, நான். கடைசியில் என் மகன். ஏணி ஏறுவது மாதிரித்தான். கையைப் பார், படியைப் பார், கொக்கியைப் பார். கீழே மட்டும் பார்க்காதே. இப்படி ஒரு நாலு மாடி உயரம் வந்துவிட்டோம். ஏறத் தெரிகிறதே என்று எனக்கே ஆச்சரியம்.

அங்கே பாறையை ஒட்டிப் பக்கவாட்டில் நடக்க வேண்டிய ஒரு இடம் வந்தது. கால் வைக்க இரும்புக் கம்பிதான், அதற்குக் கீழே ஒன்றும் இல்லை. சம்மந்தியம்மா அதில் இரண்டு எட்டு வைத்தார். அதற்குள் எப்படியோ கீழே பார்த்துவிட்டார். ஒரு படியைக் கட்டிப் பிடித்து, கன்னத்தைப் பாறையில் வைத்து, கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். வழிகாட்டிப் பெண் அங்கிருந்து இங்கிலீஷில் தைரியம் சொன்னாள். மருமகள் தமிழில் சொன்னாள். அவர் காதில் எதுவும் ஏறவில்லை. அத்தனை வருஷம் பள்ளிக்கூடத்தையே அதட்டிய குரலில் இப்போது மூச்சு மட்டும் வந்தது.

அவர் நகராமல் நான் நகர முடியாது. அப்படியே நின்றேன். அப்போது பின்னாலிருந்து மகன் கூப்பிட்டான். குரலே சரியில்லை.

"அம்மா, எங்கயாவது அடிபட்டுச்சா?"

இல்லை என்றேன்.

"அசையாத. ரத்தம் வருதும்மா. கால் பூரா."

குனிந்து பார்த்தேன். பேண்ட்டின் பின்பக்கம் நெடுக ஒரு சிவப்பு. ஷூ வரைக்கும் வந்து, அங்கிருந்து பாறையில் சொட்டிக்கொண்டிருந்தது. எனக்கு உடனே தெரிந்துவிட்டது. டப்பா மூடி இளகியிருக்கிறது.

மகன் அதற்குள் வழிகாட்டிப் பெண்ணிடம் இங்கிலீஷில் கத்திவிட்டான். அவள் தோளில் இருந்த ரேடியோவில் கை வைத்தாள். பேத்தி அங்கிருந்து அப்பட்டா அப்பட்டா என்று அழ ஆரம்பித்தாள். ரத்தமில்லை என்றேன். பின்னே என்ன என்றான் மகன். அந்த இடத்தில் நான் நின்ற நிலையை யாருக்கும் சொல்லி விளங்க வைக்க முடியாது. முன்னால் சம்மந்தியம்மா ஒரு முழம் தூரத்தில். வீடியோவில் வருகிற அந்தத் தங்கை முகம் கண்ணுக்குள் வந்து போனது. ஒரு நிமிஷம் ரத்தம் என்றே விட்டுவிடலாமா என்றுகூட யோசித்தேன். ஆனால் பிள்ளை அழுகிறது. அந்தப் பெண் ரேடியோவில் பேச ஆரம்பித்துவிட்டாள்.

"சால்னா" என்றேன்.

"என்னது?"

"சால்னாப்பா. பையில இருக்கு. ஊத்திருச்சு."

மகன் ஒரு படி ஏறி வந்து, என் பையின் அடியைத் தொட்டு முகர்ந்து பார்த்தான். ஆமாம், சோம்பு வாசம் அடிக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். பிறகு ரொம்ப நிதானமாகக் கேட்டான்.

"மலைக்கு எதுக்கும்மா சால்னா?"

"பரோட்டாவுக்கு."

"எந்தப் பரோட்டா?"

"நீங்கதான சொன்னீக, வியா பரோட்டான்னு."

எனக்கு முன்னால் சம்மந்தியம்மாவின் தோள் குலுங்க ஆரம்பித்தது. இதோ வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். கண்ணாடியைக் கழற்ற அவருக்குக் கை காலியாக இல்லை, அது ஒன்றுதான் ஆறுதல். ஆனால் அவர் கண்ணைத் திறக்காமல், பாறையைப் பார்த்தபடியே சொன்னார்:

"நீங்களாவது அதைத் திங்கிற பொருள்னு நெனச்சீங்க, சம்மந்தி. நான் ஊர்னு நெனச்சேன்."

எனக்குப் புரியவில்லை.

"பஸ் போர்டுல போட்டிருக்குமே, வியா திண்டிவனம்னு. அந்த மாதிரி வியா பெராட்டா. பெராட்டாங்கிற ஊர் வழியா எங்கயோ போய்த் தங்கப் போறோம்னு இருந்தேன். பெட்டியில மூணு புடவை இருக்கு."

முதலில் மருமகள்தான் சிரித்தாள். அப்புறம் என் மகன். அவன் சிரித்த சிரிப்பில் நாங்கள் பிடித்திருந்த வடமே அதிர்ந்தது. பேத்தி அழுகையும் சிரிப்புமாக வழிகாட்டிப் பெண்ணுக்கு விளக்கினாள். அந்தப் பெண் ரேடியோவில், ரத்தமில்லை, குழம்பு என்று சொல்ல வேண்டியதாயிற்று. அந்தப் பக்கத்தில் இருந்தவர் மூன்று தடவை திருப்பிக் கேட்டார்.

அப்போதுதான் எனக்குக் காரில் கேட்ட அந்த ஜோக் விளங்கியது. அவர் ஜோக் அடிக்கவில்லை. தெரியாமல்தான் கேட்டிருக்கிறார், மகன் சிரித்ததும் என்னைப் போலவே வாயை மூடிக்கொண்டிருக்கிறார். எனக்கு அவர்மேல் இருந்த பயம் எங்கே போனது என்றே தெரியவில்லை. அந்த உயரத்தில் அத்தனை பேருக்கு முன்னால் நானே பேச்சை ஆரம்பித்தேன்.

"சம்மந்தி, கண்ணைத் தொறங்க. இது புடவை ஊக்கு மாதிரிதான். தோள்ல இருக்கிறதக் கழட்டும்போது இடுப்புல இருக்கும்ல? அவ்வளவுதான். அந்த ஒண்ணை எடுத்து அங்கிட்டு மாட்டுங்க."

அவர் ஒரு கண்ணைத் திறந்தார். ஒரு கொக்கியைக் கழற்றி அந்தப் பக்கம் மாட்டினார். "இப்ப இடுப்பு ஊக்கு" என்றேன். இரண்டாவதையும் மாட்டினார். அப்படியே தோள், இடுப்பு, தோள், இடுப்பு என்று நான் சொல்லிக்கொண்டே வர, அவர் மாட்டிக்கொண்டே போக, அந்த இடத்தைக் கடந்துவிட்டோம். மேலே போன பிறகு வழிகாட்டிப் பெண் இந்த முறையை எழுதி வைத்துக்கொள்ள வேண்டும் என்றாளாம். பேத்தி சொன்னாள். புடவைக்கு அவள் எங்கே போவாள்?

உச்சியில் ஒரு புல்தரை. டப்பாவில் கால்வாசி சால்னா மிஞ்சியிருந்தது. மருமகள் கொண்டு வந்திருந்த ரொட்டித் துண்டுகளைத் தொட்டுத் தொட்டுச் சாப்பிட்டோம். பசியில் எனக்கு அது பரோட்டாவை விட நன்றாக இருந்தது என்று எழுதினால் பொய். பரோட்டா பரோட்டாதான். வழிகாட்டிப் பெண்ணும் ஒரு துண்டைத் தொட்டு வாயில் வைத்தாள். ஏற்கெனவே சிவந்த முகம் இன்னும் சிவந்தது. தண்ணீர் குடித்துவிட்டு இன்னொரு துண்டு எடுத்துக்கொண்டாள்.

திரும்பும்போது சம்மந்தியம்மா என் பக்கத்தில் உட்கார்ந்து சென்னைக்கு ஃபோன் போட்டார். தங்கை எடுத்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். சம்மந்தியம்மா முதலில் தன் கதையைச் சொன்னார். ஊர், பஸ் போர்டு, மூன்று புடவை, எதையும் விடவில்லை. தங்கை அந்தப் பக்கம் சிரிப்பது எனக்கே கேட்டது. என் சால்னாவைப் பற்றிச் சொல்லவேயில்லை. ஃபோனை வைத்த பிறகு, என்னுடையதை ஏன் விட்டுவிட்டீர்கள் என்று கேட்டேன்.

"அது உங்க கதை. நீங்கதான் சொல்லணும்" என்றார்.

அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அடுத்த வாரம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மகன், வரும் சனிக்கிழமை எல்லோரும் கயாக்கிங் போகலாமா என்று கேட்டான். வழக்கம்போல "சரி" என்று வாய்வரை வந்தது. எதிரே சம்மந்தியம்மா சோற்றைப் பிசைந்தபடி என்னைப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன்.

"அது திங்கிறதா, ஏறுறதாப்பா?" என்றேன்.

"ரெண்டும் இல்லம்மா. மிதக்கிறது."

"மிதந்து எந்த வழியா எங்க போகும்?" என்றார் சம்மந்தியம்மா. "அதையும் இப்பவே சொல்லிடுங்க மாப்பிள்ளை. பெட்டி கட்டணுமா வேண்டாமான்னு தெரியணும்."